குறையில்லாத வண்டி

இந்தக் காலத்தில் எவனும் டயரை உதைத்துப் பார்த்து வண்டி வாங்குவதில்லை. கடைக்குள் போகிறான், ஏ.சி. காற்றில் நிற்கிறான், விற்கிறவன் கொடுக்கிற தண்ணீரைக் குடிக்கிறான், வண்டியோடு நின்று ஒரு படம் பிடித்துக்கொள்கிறான். அவ்வளவுதான், வாங்கியாகிவிட்டது. ஒரு டுரியான் பழம் வாங்கும்போது காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறவன், காம்பைக் கிள்ளிப் பார்க்கிறவன், மூக்கை நுழைத்து முகர்ந்து பார்க்கிறவன், வண்டி வாங்கும்போது மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

சின் யோங் ஃபா அப்படிப்பட்ட ஆள் இல்லை. கடைக்குள் நுழைந்ததும் வலது காலைப் பின்னுக்கு இழுத்து, நடுவில் நின்ற கறுப்பு எஸ்.யூ.வி.யின் முன் டயரைக் குறி பார்த்தார்.

"ஆ பெக், வேண்டாம், வேண்டாம்." வயதானவர்களைக் கூப்பிடுகிற முறையில் கத்திக்கொண்டே விற்பனைப் பையன் வெய் கீட் ஓடி வந்து டயருக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டான்.

"டயரை உதைக்கக் கூடாதா?"

"கூடாது, ஆ பெக்."

"உதைச்சா?"

"டயர் போயிடும்."

யோங் ஃபா காலை இறக்கினார். "எழுபத்தெட்டு வயசுக் கிழவன் உதைச்சாப் போயிடற டயரு, கல்லு மேல ஏறினா என்னாகும்?"

வெய் கீட் டயரை இன்னும் கொஞ்சம் மறைத்துக்கொண்டான். அவன் இந்தக் கடையில் சேர்ந்தது சீனப் புத்தாண்டுக்குப் பிறகுதான். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. கல்லாவில் முதலாளியம்மா சியூ லெங் வாழைப்பழப் பொரியலைக் கடித்தபடி கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிரக்கூட இல்லை.

யோங் ஃபாவுக்கு ரவூப் மலைச்சரிவில் டுரியான் தோட்டம். அதில் விளையும் மூசாங் கிங் ரகத்துக்கு விலை ஏறியதிலிருந்து பிள்ளைகளுக்குக் கை தாராளமாகிவிட்டது. அப்பா போய் இருக்கப்போகிற இடத்தில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று ஆளுக்கு ஒன்றை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். வீடு மகள் ஹுய் சானின் பொறுப்பு. மூன்று மாடி, முன்னால் நீச்சல் குளம். கார் பெரியவன் கா மிங்கின் பொறுப்பு.

அங்கேதான் சிக்கல். கா மிங்கின் ரசனை யோங் ஃபாவுக்குத் தெரியும். அவன் தனக்கென்று வாங்கியிருப்பது தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிற வெள்ளைக் கார். அதில் ஏறுவதற்குச் சர்க்கஸில் வேலை பார்த்திருக்க வேண்டும். அன்று காலையில்கூடப் போனில் சொல்லியிருந்தான்.

"அப்பா, இந்த வருஷமாவது ஒண்ணை முடிவு பண்ணுங்க. இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள சொல்லலேன்னா நானே பார்த்து ஒண்ணு சொல்லிடறேன்."

அவன் சொல்லிவிட்டால் முடிந்தது. அங்கே போன பிறகு பிடிக்கவில்லை என்று திரும்பி வந்து மாற்றவா முடியும்? காலம் பூராவும் அந்த வெள்ளைப் பல்லியில்தான் ஏறி இறங்க வேண்டும். அதோடு ஆ நியூக் விஷயமும் இருக்கிறது. யோங் ஃபாவின் மனைவி ஆ நியூக் அங்கே போய்ப் பல வருடம் ஆகிறது. அவளும் இவரை வா வா என்று அவசரப்படுத்தியதில்லை, இவரும் அவசரப்பட்டதில்லை. ஆனாலும் போனதும் பக்கத்தில் அவள்தான் உட்காரப் போகிறாள். பின் சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்கு வாந்தி வரும். குலுங்கினால் நாள் முழுக்கப் பேசமாட்டாள். இதெல்லாம் கா மிங்குக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது?

"இன்ஜினைக் காட்டு" என்றார் யோங் ஃபா.

"இன்ஜின் உள்ள இருக்கு, ஆ பெக்."

"உள்ள இல்லாம ஊர்லயா இருக்கும்? மூடியைத் திற."

"மூடி திறக்காது."

"கதவு?"

"இந்த மாடல்ல கதவும் திறக்காது. திறக்கிற மாதிரி வேணும்னா அது தனி ஆப்ஷன். சொல்லிட்டாச் செஞ்சிடலாம்."

யோங் ஃபா அவனை மேலும் கீழும் பார்த்தார். கதவு திறப்பதைத் தனி ஆப்ஷனாக விற்கிற கடையை அவர் இந்தப் பக்கத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. முகப்பில் ஒரு விரலை வைத்து மெல்ல அழுத்தினார். விரல் பட்ட இடம் உள்ளே போய்விட்டு மெதுவாக வெளியே வந்தது.

"கை வைக்காதீங்க, ஆ பெக்."

"என்னப்பா இது, இவ்வளவு மெலிசா?"

"இப்பல்லாம் வண்டியோட கனத்தைக் குறைச்சுட்டே வர்றாங்க. பாதுகாப்பு நிறைய. இங்க பாருங்க, சுத்திலும் ஒன்பது கேமரா. மேலேர்ந்து வண்டியைப் பார்க்கிற மாதிரி படம் வரும்."

"மேல யாரு நின்னு பார்க்கிறது?"

"யாரும் இல்ல, ஆ பெக். கேமராவே."

"யாரும் இல்லாமப் படம் வருதுன்னா அதை நம்பி நான் வண்டியைப் பின்னால எடுக்கணுமா?" யோங் ஃபா சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். "அதை விடு. போற ஊர்ல ரோடு எப்படி?"

"ரோடெல்லாம் நல்லா இருக்கும்."

"நீ பார்த்தியா?"

"நான் எங்க பார்த்தேன்."

"உன் முதலாளி?"

"அவரும் போனதில்ல."

"அப்புறம் எதை வச்சு நல்லா இருக்கும்னு சொல்றே?"

வெய் கீட் யோசித்தான். "எங்ககிட்ட வாங்கிட்டுப் போனவங்க ஒருத்தர்கூடத் திரும்பி வந்து புகார் சொன்னதில்ல, ஆ பெக்."

"அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

தோட்டத்துச் சிவப்பு மண்ணில் மழைக்காலத்தில் லாரி சிக்கிக்கொண்டால் என்ன பாடு என்று அனுபவித்தவர் அவர். ரோடு நல்ல ரோடு என்று சொல்லி விற்ற நிலத்தில் முழங்கால் வரை சேறு பார்த்தவர். அதனால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் இடைவெளி வேண்டும் என்றார். சக்கரத்தைப் பெரிதாக்கினால் உயர்ந்துவிடும் என்று வெய் கீட் உற்சாகமாகச் சொன்னான். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று பாவம், அவன் நினைத்தான்.

பெந்தோங் பட்டறையில் இருந்த முதலாளிக்குப் போன் போட்டான். அந்த மனிதர்தான் ஹுய் சான் சொன்ன வீட்டையும் செய்துகொண்டிருந்தார்.

"ஒரு சாண் உயர்த்தலாம்" என்று ஒலிபெருக்கியில் முதலாளியின் குரல் வந்தது. "ஆனா உயர்த்தினா வீட்டு முகப்புல நுழையாது. மேல் மாடி இடிக்கும்."

"அப்ப வண்டியை வெளியில நிறுத்திக்கிறேன்" என்றார் யோங் ஃபா.

"வெளியில வேண்டாம், ஆ பெக். மழை பெஞ்சா வண்டி அவ்வளவுதான்."

யோங் ஃபா போனையும் வெய் கீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பகாங்கில் சாயந்திரமானால் மழை. மழை பெய்தால் அவ்வளவுதான் என்கிற வண்டியை ஒருவன் கூசாமல் விற்கிறான். பக்கத்திலேயே ஒருத்தி கூசாமல் வாழைப்பழப் பொரியல் தின்கிறாள்.

"சேத்துல போற மாதிரி உயர்த்தித் தர்றேன்னு இவன் சொல்றான். மழையில நிக்காதுன்னு நீ சொல்றே. சேறு எங்கேர்ந்துப்பா வருது?"

"தனியா ஒரு ஷெட் போட்டுடலாம்" என்றார் முதலாளி. "ஆனா இடம் இல்ல. நீச்சல் குளத்தை எடுத்தாத்தான் ஆகும்."

நீச்சல் குளத்தை எடுப்பதென்றால் ஹுய் சானைக் கேட்க வேண்டும். கேட்டார்கள். அவள் கோலாலம்பூரில் ஏதோ கூட்டத்தில் இருந்து எழுந்து வந்து பேசினாள்.

"குளத்தை எடுக்கக் கூடாதுப்பா. அது அம்மாவுக்காகச் சொன்னது."

"உங்கம்மாவுக்கு நீந்தத் தெரியாதே."

"இனிமே கத்துக்க அவங்களுக்கு நேரமா இல்ல?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கூரைக்கு வந்தார்கள். முழுக்கக் கண்ணாடி. இந்த வண்டியின் பெருமையே அதுதான் என்று வெய் கீட் சொன்னான். ராத்திரியில் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்க்கலாமாம்.

"டுரியான் விழுந்தா?" என்றார் யோங் ஃபா.

"அங்க டுரியான் மரம் இருக்கா, ஆ பெக்?"

"இல்லேன்னா நான் எதுக்கு அங்க போறேன்?"

கண்ணாடி வேண்டாம், கெட்டிக் கூரை போடு என்று முடிவானது. கெட்டிக் கூரை போட்டால் தாங்குவதற்கு உள்ளே நாலு குச்சி கூடுதலாக வைக்க வேண்டும், இன்னும் நாலு விரல் உயரும் என்றார் முதலாளி. அப்படியென்றால் இன்னும் போடாத ஷெட்டிலும் வண்டி நுழையாது. வெய் கீட்டின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவன் தானாகவே பேச்சை மாற்றினான்.

"டிரைவரைப் பார்த்தீங்களா, ஆ பெக்? வண்டியோடவே வர்றாரு. தனியாச் சம்பளம் கிடையாது."

யோங் ஃபா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். தொப்பி போட்ட டிரைவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஏன் சிரிக்கிறான்?"

"அவர் எப்பவும் சிரிச்ச முகம்தான்."

"எப்பவும் சிரிக்கிறவன் கையில வண்டியைக் குடுக்க முடியாது. ஹக்கா பேசுவானா?"

"பேசமாட்டார், ஆ பெக்."

"கான்டனீஸ்?"

"எதுவுமே பேசமாட்டார்."

"நிறுத்துன்னு சொன்னாலாவது நிறுத்துவானா?"

வெய் கீட் கல்லாப் பக்கம் பார்த்தான். சியூ லெங் விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிரைவரை எடுத்துவிடலாம், ஆ பெக்கே ஓட்டிக்கொள்ளலாம் என்றான் வெய் கீட்.

"எனக்கு லைசென்ஸ் இல்லை. போன வருஷம் பழக்கடையில இடிச்சேன்னு பெரியவன் பிடுங்கி வச்சுக்கிட்டான்."

"லைசென்ஸ்தானே? அதையும் நாங்களே போட்டுத் தந்துடறோம். உங்க போட்டோ ஒண்ணு மட்டும் குடுங்க."

யோங் ஃபாவின் புருவம் ஏறியது. "கள்ள லைசென்ஸா?"

"அங்க அது செல்லும், ஆ பெக்."

"போலீஸ் பிடிச்சா?"

"கட்டுக்கட்டாக் காசு வச்சுத்தானே அனுப்புவோம். குடுத்துட்டுப் போயிட்டே இருங்க."

யோங் ஃபா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாழ்க்கையில் எத்தனையோ அயோக்கியர்களிடம் உரம் வாங்கியிருக்கிறார், நிலம் வாங்கியிருக்கிறார். இந்தப் பிள்ளை மாதிரி பால் வடிகிற முகத்தோடு யாரும் இவ்வளவு பேசியதில்லை. அப்போதுதான் அவர் கண்ணில் நம்பர் பலகை பட்டது. 8888.

"இது யாரோட நம்பர்?"

"உங்களுக்குத்தான். ராசியான நம்பர்."

"போன மாசம் கிழங்குக் கடை லோய் குடும்பத்துக்குக் குடுத்தீங்களே, அதுக்கு என்ன நம்பர்?"

"அதுக்கும் இதுதான்."

"அவங்களுக்கு முன்னாடி?"

வெய் கீட் மெல்லச் சொன்னான். "எல்லாருமே இதைத்தான் கேக்கறாங்க, ஆ பெக்."

"அப்ப அந்த ஊர்ல ஓடுற அத்தனை காருக்கும் ஒரே நம்பரா? கோப்பிக் கடை வாசல்ல நிறுத்திட்டு உள்ள போயிட்டு வந்தா என் வண்டியை நான் எப்படிடா கண்டுபிடிப்பேன்?"

கைப்பேசி அடித்தது. கா மிங். "அப்பா, முடிவு பண்ணியாச்சா? வெள்ளையில ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். ரெண்டே கதவு. பார்க்கிறதுக்குச் சும்மா அப்படி இருக்கும்."

"சாயந்திரம்னு சொன்னேல்ல. இன்னும் மத்தியானமே ஆகலை" என்று வைத்தார் யோங் ஃபா. பிறகு வெய் கீட்டை நோக்கி விரலை நீட்டினார். "நான் சொன்னபடி எல்லாம் செஞ்சு வை, என் பொஞ்சாதிக்கு முன்னாலயே சீட்டு வேணும். சாப்பிட்டுட்டு வர்றேன்."

கோப்பிக் கடையில் உட்கார்ந்து கருங்கோப்பியை ஆற்றிக் குடித்தபோது அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஒரு வண்டியை உயர்த்தி, கூரையை மாற்றி, கதவைத் திறக்க வைத்து, வீட்டையும் திருத்திக் காட்ட வேண்டும் என்றால் ஒரு மாதமாவது ஆகும். சாப்பாட்டு நேரத்துக்குள் எவனாலும் முடியாது. முடியவில்லை என்று அந்தப் பையன் தலையைச் சொறிவான், கா மிங்கிடம் அதையே சொல்லிவிடலாம், கடைக்காரன் இழுத்தடிக்கிறான், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று. இன்னொரு தட்டு மீன் உருண்டை நூடுல்ஸ் சொன்னார்.

திரும்பி வந்தபோது வண்டி ஒரு சாணும் நாலு விரலும் உயர்ந்து நின்றது.

யோங் ஃபா வாசலிலேயே நின்றுவிட்டார். வெய் கீட்டின் விரல்களெல்லாம் பசை. தலைமுடியில்கூடப் பசை. ஆனால் முகத்தில் வெளிச்சம்.

"கெட்டிக் கூரை, ஆ பெக். தட்டிப் பாருங்க, மெதுவா. இந்தாங்க, நாலு கதவும் திறக்குது. முன் சீட்டை அகலமாக்கிட்டேன், அம்மா உங்க பக்கத்திலேயே உட்காரலாம். டிரைவரோட வாயை மாத்தி வரைஞ்சாச்சு."

டிரைவர் இப்போது சிரிக்கவில்லை. மாமியார் வீட்டுக் கணக்குக் கேட்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"நம்பர்?"

"உங்க பழைய லாரி நம்பர். முதலாளியம்மாவுக்கு ஞாபகம் இருந்துச்சு."

"வீடு?"

"குளத்தை மொட்டை மாடிக்கு ஏத்திட்டார் முதலாளி. உங்க பொண்ணுக்குப் படம் அனுப்பினோம், இதுதான் இன்னும் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. முன்னால பெரிய ஷெட். மழை ஒரு சொட்டு வண்டியில படாது."

யோங் ஃபா வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். நல்ல இடைவெளி, எந்தச் சேற்றிலும் போகும். கதவைத் திறந்தார், திறந்தது. மூடினார், மூடியது. ஆ நியூக் உட்காரப் போகிற சீட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அது அவள் அளவுக்குச் சரியாக இருக்கும் போலிருந்தது. மறுபடி ஒரு சுற்று வந்தார். அவர் முகத்தில் ரத்தம் குறைந்திருந்ததை வெய் கீட் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் மகிழ்ச்சி என்றுதான் நினைத்திருப்பான்.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆ பெக். உங்க பேரை எழுதி ஒட்டி அப்படியே மேல் பரண்ல ஏத்திடறேன். தேவைப்படறப்ப உங்க பையன் வந்து எடுத்துக்குவாரு."

"ம்."

"நல்லாருக்கில்ல?"

யோங் ஃபா டிரைவரைப் பார்த்தார். டிரைவர் அவரைப் பார்த்தான். சியூ லெங் முதல் தடவையாகக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கிழவரைக் கவனித்தாள்.

திடீரென்று யோங் ஃபாவின் கண் பளிச்சிட்டது.

"ஹார்ன் அடி" என்றார்.

"என்ன, ஆ பெக்?"

"ஹார்னை அடிச்சுக் காட்டு."

வெய் கீட் வண்டிக்குள் கையை விட்டு ஸ்டீயரிங்கின் நடுவைத் தொட்டான். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தொட்டான். கடைசியில் வேறு வழியில்லாமல், அவனே வாயைக் குவித்து மெதுவாகச் சத்தம் கொடுத்தான். "பீப்."

"அது நீ. வண்டி எங்க?"

"வண்டி சத்தம் போடாது, ஆ பெக்."

"ஹார்ன் இல்லாத வண்டியில மலை ரோட்டு வளைவுல எவன் போவான்? எதிர்ல லாரி வந்தா நான் என்ன பண்றது, இவனை இறங்கி முன்னால நடக்கச் சொல்றதா?" யோங் ஃபாவின் குரல் காலையில் இருந்ததைவிடக் கணீரென்று இருந்தது. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எனக்கு அப்பவே தெரியும். இந்தக் காலத்து வண்டியை நம்பவே கூடாது. பெரியவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன், வெள்ளையும் வேண்டாம் கறுப்பும் வேண்டாம்னு. அடுத்த வருஷம் டுரியான் பூ விடறப்ப வர்றேன், சரி பண்ணி வை."

அவர் படியிறங்கி, வெயிலில் சந்தைப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போய் ஒருமுறை திரும்பி, அந்த வண்டி இன்னும் நின்ற இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார். நம்பிக்கையில்லாமல் தலையை ஆட்டினார். பிறகு அவர் நடையில் ஒரு துள்ளல் வந்தது.

வெய் கீட் பசைக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். "கேட்டதெல்லாம் செஞ்சேனே, முதலாளியம்மா. இதுக்கு மேல எப்படித்தான் அவருக்குப் பிடிக்க வைக்கிறது?"

சியூ லெங் அடுத்த வாழைப்பழப் பொரியலை எடுத்தாள். "போடா. ஆளு செத்த அன்னிக்குக் கொளுத்தினாத்தான் நம்ம காகிதக் காரு போய்ச் சேரும். பிடிச்சிருக்கு, என் பேரை எழுதி எடுத்து வைன்னு சொல்ல அவருக்கென்ன பைத்தியமா?"